ஏழு பேரும் பதினைந்து பெற்றோரும்

மாணவர் கழகங்கள் தோன்றுவது தமிழர் வாழ்வில் புதுமையன்று. தோன்றிய வேகத்திலேயே அவை மறைந்து போவதும் புதுமையன்று. ஓர் ஊரில் மாணவர் மன்றத்தின் கிளை திறக்கப்படுகிறது என்றால், அங்கே முதலில் தேடப்படுபவர் தலைமை தாங்குவோர். அடுத்துத் தேடப்படுவது மாலை. அதற்கும் அடுத்துப் படம் பிடிப்பவர். கிளையின் உறுப்பினர் யார், விழா முடிந்த மறுநாள் அவர்கள் செய்யப் போவது என்ன என்னும் வினாக்கள் இறுதியாகவே எழுகின்றன. சில ஊர்களில் அவை எழுவதே இல்லை. பெயர்ப்பலகை மட்டும் மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, இங்கே ஒரு காலத்தில் ஒரு கழகம் இருந்தது என்பதற்குக் கல்வெட்டாக நிற்கிறது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கல்லூரி மாணவர் கழகத்தின் கிளை ஒன்று வேண்டுமா என்னும் வினாவை இந்தப் பின்னணியில் வைத்தே ஆராய வேண்டும். வேண்டும் என்பதே விடை. எத்தகைய கிளை வேண்டும் என்பதில்தான் வழக்கு உள்ளது. மேடைக்காகவும் மாலைக்காகவும் பிறக்கும் கிளை அம்மலைக்கு வேண்டா. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக வாயில் வரை, எந்தப் பிள்ளையையும் நடுவழியில் விட்டுவிடாமல் கொண்டு சேர்க்கும் உடன்பிறப்புக் கூட்டமே அங்கு வேண்டும். அதனைச் செய்யாத கிளை எத்துணைச் சிறப்பாகத் திறக்கப்பட்டாலும், திறக்கப்படாததற்கு ஒப்பானதே.

மலையின் நிலை

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் கேமரன் பாரத் தோட்டம் தோன்றியது. காடு அழித்து, சரிவுகளில் செடி நட்டு, பனியிலும் குளிரிலும் நின்று கொழுந்து பறித்தவர்களுள் தமிழர் பெரும்பங்கினர். அவர்களுடைய உழைப்பின் பச்சை இன்றும் அம்மலைச் சரிவுகளில் விரிந்து கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதனைப் படம் பிடித்துக்கொண்டு செல்கின்றனர். அந்தப் பச்சைக்குப் பின்னால் இருந்த லயத்து வீடுகள் படத்தில் விழுவதில்லை.

தோட்டப்புறப் பள்ளிகள் அன்பினால் மட்டும் எழுந்தவை அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்த விதியின் நிழலில்தான் மலாயாத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்குமேல் வேண்டா என்பதே அன்றைய தோட்ட நிருவாகங்களின் பொதுவான எண்ணம். பள்ளியின் கூரை எவ்வளவு தாழ்ந்திருந்ததோ, பிள்ளைக்கென வகுக்கப்பட்ட எதிர்காலமும் அவ்வளவு தாழ்ந்திருந்தது. அக்கூரையைப் பெயர்த்து உயர்த்தியவர்கள் தமிழாசிரியர்களும், அரை வயிறு உண்டு பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோரும் ஆவர்.

ஆயினும் இன்றும் ஓர் இடைவெளி எஞ்சியுள்ளது. தோட்டத்துப் பள்ளியில் பிள்ளை தன் வீட்டு மொழியில் பயில்கிறது. ஆசிரியர் அதன் தந்தையின் பெயரை அறிவார். தாய் எந்தச் சரிவில் கொழுந்து பறிக்கிறாள் என்பதையும் அறிவார். ஆறு ஆண்டுகள் முடிந்ததும் அப்பிள்ளை தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ உள்ள இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. பயிற்று மொழி மாறுகிறது. தேசிய மொழியில் உரிய தகுதி பெறாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பின்னரே முதலாம் படிவத்தை எட்டுகிறது. அங்கே அதன் தந்தையின் பெயரை அறிந்தவர் எவரும் இல்லை. தோட்டத்துச் சாலை குறுகியது; வளைந்து வளைந்து செல்வது; மழை நாளில் மண் சரிவது. லேண்ட் ரோவர் வண்டியோ பள்ளிப் பேருந்தோ வராத நாளில் பிள்ளையும் பள்ளிக்கு வருவதில்லை. வாரத்தில் ஒரு நாள் நின்றது இரண்டு நாளாகிறது. இரண்டு நாள் இரண்டு வாரமாகிறது. அதற்குள் பக்கத்துக் காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் நாட்கூலி தந்து அழைக்கின்றன. பதினைந்து வயதில் கையில் வந்து விழும் பணத்தின் ஓசையில், தொலைவில் உள்ள பட்டம் எவர் காதிலும் விழுவதில்லை.

தேர்வுகளும் முன்போல் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. ஆறாம் ஆண்டின் அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத் தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. பிஞ்சு உள்ளங்களின் மேல் கிடந்த சுமை இறங்கியது என்று மகிழ்ந்தவர் பலர். அம்மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆனால் வசதியுள்ள வீட்டில் பிள்ளை பின்தங்குவதைத் தாய் தந்தையர் கண்டுகொள்வர். விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லும் வீட்டில் அதனைக் கண்டு சொல்வோர் யார்? தேர்வு சொல்லாததை ஒருவர் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர், அதே லயத்தில் பிறந்து அதே சாலையில் சென்று படித்த மூத்த மாணவராக இருப்பின், அச்சொல்லுக்கு உள்ள வலிமை வேறு எச்சொல்லுக்கும் இல்லை.

கிளை காத்த கழகம்

கல்லூரி மாணவர் உடன்பிறப்புக் கழகம் என்னும் அமைப்பு அமெரிக்க நாட்டில் வேர்விட்டது. 1776 டிசம்பர் 5ஆம் நாள், வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அன்ட் மேரி கல்லூரி மாணவர் சிலர் கூடி ஃபை பீட்டா காப்பா என்னும் கழகத்தைத் தோற்றுவித்தனர். கிரேக்க எழுத்துகளால் ஆகிய அப்பெயர், மெய்யறிவே வாழ்வை நடத்தும் வழிகாட்டி என்னும் தொடரின் சுருக்கம். அவர்கள் கூடிப் பேசினர்; கட்டுரை படித்தனர்; சொற்போர் புரிந்தனர். தம் ஊர்க் கல்லூரியோடு நின்றுவிடாமல் யேல், ஹார்வார்டு ஆகிய கல்லூரிகளிலும் கிளை காண இசைவு அளித்தனர். 1780இல் யேலிலும் 1781இல் ஹார்வார்டிலும் கிளைகள் எழுந்தன. அந்த 1781ஆம் ஆண்டிலேயே விடுதலைப் போரின் சூறாவளி வர்ஜீனியாவைத் தாக்கியது. தாய்க்கழகத்தின் கூட்டங்கள் நின்று போயின. கிளைகள் மட்டும் நின்று நிலைத்தன. இன்றளவும் அக்கழகம் உயிரோடு இருப்பதற்கு அக்கிளைகளே காரணம்.

ஆலமரத்தை அறிந்த தமிழனுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. நடுமரம் பட்டுப்போன பின்னும் விழுதுகள் மரத்தைத் தாங்கி நிற்பதை அவன் தன் ஊர்க் குளக்கரையில் கண்டிருக்கிறான். விழுது அப்படித் தாங்க வேண்டுமானால் மண்ணைத் தொட்டிருக்க வேண்டும். மண்ணைத் தொடாத விழுது காற்றில் ஆடும்; பிள்ளைகள் அதனைப் பிடித்து ஊஞ்சலாடுவர்; மரத்துக்கு அதனால் பயனில்லை. தலைநகரிலிருந்து பார்த்தால் ஊஞ்சலாடும் விழுதும் ஊன்றிய விழுதும் ஒன்றுபோலவே தோன்றும். ஆண்டறிக்கையில் இரண்டுக்கும் ஒரே வரிதான் ஒதுக்கப்படும். வேறுபாடு புயல் வரும் நாளில் தெரியும்.

இதனினும் பொருத்தமான சான்று ஒன்று உண்டு. 1906 டிசம்பர் 4ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எழுவர் சேர்ந்து ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்னும் உடன்பிறப்புக் கழகத்தைக் கண்டனர். அதற்குச் சற்று முன்புதான் அங்குப் பயின்ற கறுப்பின மாணவருள் சிலர் மறு ஆண்டு படிப்பைத் தொடரத் திரும்பவில்லை. வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் தனித்து நின்றவனுக்குப் பாடமும் பகையாயிற்று. எஞ்சியோர் தம்முள் ஒருவரையொருவர் தாங்கிப் படிக்கக் கூடினர். அந்தக் கூட்டமே கழகமாயிற்று. 1920களில் அக்கழகம் ஓர் இயக்கத்தை நாடு தழுவி நடத்தியது. உயர்நிலைப்பள்ளிக்குச் செல், கல்லூரிக்குச் செல் என்பதே அதன் முழக்கம். கறுப்பின மக்கள் வாழும் இடங்களுக்குச் சென்று, இளைஞரைப் பள்ளியில் நிலைக்கச் செய்வதையே கிளைகள் தம் கடமையாக ஏற்றன. பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங் போன்ற பெருந்தலைவரை உறுப்பினராகப் பெற்ற கழகம் அது. படிப்பை விட்டு நின்றவர்களைப் பற்றிய கவலையே அக்கழகத்தின் கருவாக இருந்தது என்பதை மாணவர் தலைவர்கள் மறத்தலாகாது.

தண்ணீர்ப் பானையும் நாளேட்டுப் பக்கமும்

அயல்நாட்டுச் சான்று எதற்கு என்று கேட்போர் உண்டு. தமிழர் வரலாற்றிலும் சான்றுக்குப் பஞ்சமில்லை. 1943இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் திராவிட மாணவர் கழகம் தோன்றியது. அது எதிலிருந்து தோன்றியது? பெரிய தத்துவ ஆராய்ச்சியிலிருந்தா? விடுதியில் பிராமண மாணவர்க்கென ஒரு தண்ணீர்ப் பானையும் மற்றவர்க்கென வேறொரு பானையும் வைக்கப்பட்டிருந்த கொடுமையிலிருந்து அது தோன்றியது. அக்கழகத்தின் அரசியலை ஏற்பாரும் மறுப்பாரும் இருக்கலாம். ஒன்றை மட்டும் இரு சாராரும் மறுக்க இயலாது. அதன் பிறப்புக்குக் காரணமான பொருள் கண்ணால் காணக்கூடியது, கையால் தொடக்கூடியது. குறையை இன்னதென்று சுட்டிக் காட்ட முடிந்த கழகமே மாணவரைக் கூட்ட முடிந்தது.

சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளேடு, 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அதற்கு எழுதினர். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். தாளில் தொடங்கிய உறவு ஊர்தோறும் மன்றமாயிற்று. மலாயாவின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் மணிமன்றக் கிளைகள் முளைத்தன. பேச்சாளர்களும் எழுத்தாளர்களும் அங்கிருந்து புறப்பட்டனர். அன்று எழுத வந்த பிள்ளைகளை யாரும் மேடையேற்றி மாலையிடவில்லை. அவர்களுடைய கடிதம் அச்சில் வந்தது; அதுவே அவர்களுக்குப் போதுமான அழைப்பாயிற்று.

1982இல் டாக்டர் மு. தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையம் வேறொரு வகையில் இதே உண்மையை நிலைநாட்டியது. பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதியில் ஊர் ஊராகச் சென்று இளையோர்க்குப் பாடம் நடத்தினர். நேற்று அங்கே மாணவராக அமர்ந்திருந்தவர் இன்று பல்கலைக்கழகம் புகுந்து, ஆசிரியராகத் திரும்பி வந்தார். கல்வி என்பது ஏறிச் சென்றவர் ஏணியை உதைத்துத் தள்ளும் செயலன்று. கீழே நிற்பவருக்குக் கை நீட்டும் செயல் என்பதை அந்நிலையம் நாடு முழுவதும் காட்டியது. கழகம் என்ற பெயர் இல்லாமலே அது கழகத்தின் வேலையைச் செய்தது. கழகம் என்ற பெயர் மட்டும் கொண்டவை வெட்கித் தலைகுனிய இது ஒன்றே போதும்.

மறுப்புரைகள்

இத்தகைய கிளை வேண்டா என்போர் மூவகையினர்.

மாணவர் படிக்கட்டும், சங்கம் எதற்கு என்போர் முதல் வகையினர். இவர்களுள் ஆசிரியரும் உளர். சங்கம் சேர்ந்து கெட்டுப்போன மாணவர் பெயர்களை இவர்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டுவர். சங்கம் சேராமலே, யாரும் கேட்பாரின்றிக் காய்கறித் தோட்டத்துக்குச் சென்றுவிட்ட மாணவர் பெயர்களை அவ்வாறு எண்ணிக் காட்டுவார்களா? அதற்கு அவர்களிடம் விரல்கள் போதா. மேலும், தனியே படித்து முன்னேறும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. பட்டணத்துப் பிள்ளைக்குத் தனிவகுப்பு உண்டு. படித்த மாமன் உண்டு. பக்கத்து வீட்டில் வழக்கறிஞர் உண்டு. லயத்துப் பிள்ளைக்கு அந்த மாமனாக நிற்பதே கழகத்தின் வேலை.

தேயிலைத் தோட்டத்தில் இன்று தமிழர் எங்கே இருக்கின்றனர் என்று கேட்போர் இரண்டாம் வகையினர். கொழுந்து பறிப்பவருள் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர், இயந்திரமும் வந்துவிட்டது, தமிழ்க் குடும்பங்கள் மலையிறங்கிவிட்டன, எனவே கிளையும் வேண்டா, ஏன், பள்ளியும் வேண்டா என்பது இவர்கள் கணக்கு. குடும்பங்கள் குறைந்தது உண்மையே. ஆனால் குறைந்ததனால் விட்டுவிடலாம் என்பது வணிகன் கணக்கு, ஆசிரியன் கணக்கன்று. நூறு பிள்ளை உள்ள இடத்தில் ஒருவன் தவறினால் தொண்ணூற்றொன்பது பேர் எஞ்சுவர் என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோர் உளர். பத்துப் பிள்ளை உள்ள இடத்தில் ஒருவன் தவறினால் அங்குப் பத்தில் ஒரு பங்கு அழிகிறது. எண்ணிக்கை சிறுத்த இடத்தில் கவனம் பெருக வேண்டும். மலையிறங்கிப் பட்டம் பெற்று வாழ்வோரும் அம்மலைக்கு அயலார் ஆகிவிடவில்லை. அவர்தம் பாட்டன் நட்ட செடியில் இன்றும் கொழுந்து துளிர்க்கிறது.

மூன்றாம் வகையினர் வெளிப்படையாக மறுப்பதில்லை, ஆதரித்தே கெடுப்பர். கிளை வேண்டும் என்பர். அதற்குள் தம் சாதிக்கு ஒரு வட்டம் வேண்டும் என்று மெல்ல நுழைப்பர். தம் கட்சிக்கு ஒரு கொடிக்கம்பம் வேண்டும் என்பர். புதிதாய் வரும் இளையோரைச் சோதனை என்ற பெயரால் இழிவுபடுத்தி மகிழும் பகடிவதையை, ஒற்றுமை வளர்க்கும் வழக்கம் என்பர். இம்மூன்றும் உடன்பிறப்பு என்னும் சொல்லுக்கே பகை. கங்காணி ஆள் சேர்த்த காலத்தில் ஊரும் சாதியும் பார்த்து ஆட்களைக் கூட்டி வந்தான். லயத்திலும் அந்தக் கோடு தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்ததோடு கங்காணி முறை முடிந்தது. பட்டம் பெற்றவர்கள் அதனைக் கழக விதிகளுக்குள் மீண்டும் எழுதுவார்களாயின், அவர்கள் படித்தது வீண்.

பகடிவதையின் முடிவு என்ன என்பதற்குத் தமிழகமே சான்று. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனின் கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். 1997இல் தமிழக அரசு பகடிவதையைத் தடுக்கச் சட்டம் கொண்டு வந்தது. இளையவன் முதல் நாளில் அஞ்சி நடுங்கும் இடத்தைக் கழகம் என்று அழைக்கலாகாது. தாழ்ந்து வணங்கச் செய்து பெறும் ஒற்றுமை அடிமைகளின் ஒற்றுமை. தோட்டத்தில் துரைக்கும் தண்டலுக்கும் மூன்று தலைமுறை தலைவணங்கியவரின் பேரப்பிள்ளை, கல்லூரிக்குச் சென்றும் இன்னொரு தமிழனின் முன்னே அதே முதுகை வளைக்க வேண்டுமா?

ஏழு பேர்

கிளையை யார் தோற்றுவிப்பது? பல்கலைக்கழக மாணவர் அமைப்புகள் தாமே வெளியே கிளை பரப்புவது எளிதன்று. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம், மாணவர் அமைப்புகள் வெளி அமைப்புகளோடு உறவு கொள்வதற்கு வரம்பு விதித்தது. பின்வந்த திருத்தங்கள் அவ்வரம்பைத் தளர்த்தியிருப்பினும், வளாகத்துக்குள் பதிவான மன்றம் மலையில் ஒரு கிளையை நினைத்தவுடன் திறந்துவிட முடியாது. தலைநகரிலிருந்து சிற்றுந்தில் வந்து, நாடா வெட்டி, தேநீர் அருந்தி, மாலையில் இறங்கிச் செல்வோரால் நிறுவப்படுவது கிளையும் ஆகாது.

வழி மலையிலேயே உள்ளது. ஏழு பேர், அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் அதனைச் சங்கம் என்று 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் கருதுகிறது. கோர்னெலில் கூடியவரும் எழுவரே. கேமரன் மலைத் தோட்டங்களில் பிறந்து பட்டம் பெற்றோர், பெற்றுக்கொண்டிருப்போர், ஆசிரியர் பயிற்சி முடித்தோர் ஆகியோருள் ஏழு பேர் கிடைக்கமாட்டார்களா? அவர்கள் முறையாகப் பதிவு செய்துகொள்ளட்டும். செயலவை சிறியதாக இருக்கட்டும். பெண்கள் பொருளாளர் பதவிக்கும் தேநீர்ப் பொறுப்புக்கும் மட்டும் உரியவர் என்னும் பழைய வழக்கம் வாயிலுக்கு வெளியிலேயே நிற்கட்டும். கொழுந்துக் கூடை சுமந்து குடும்பத்தைக் காத்தவள் பெண்; அவள் மகள் தலைவியாக அமர்வதில் தடையென்ன?

பதிவு பெற்ற கிளைக்கு முதல் வேலை ஓர் ஏடு. அவ்வாண்டு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகள் அனைவர் பெயரும் அதில் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு அவர்கள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் உள்ளனர் என்பது எதிரே எழுதப்பட வேண்டும். பெயருக்கு எதிரே ஓரிடம் வெறுமையாக விழுமாயின் அன்று மாலையே உறுப்பினர் ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வண்டிக் கட்டணம் தடையா, வீட்டில் நோயா, வகுப்பில் எவரேனும் ஏளனம் செய்தனரா என்று கேட்டறிய வேண்டும். வருகைப் பதிவேட்டின் அருமை ஆசிரியர்க்குத் தெரியும். வராத பிள்ளையைத் தேடிச் செல்லாத பதிவேடு வெறும் தாள்.

இரண்டாம் வேலை வார இறுதி வகுப்பு. பள்ளிக் கட்டடம் கிடைத்தால் அங்கே; இல்லையேல் கோயில் மண்டபத்தில். மலாய்மொழி, கணிதம், அறிவியல் மூன்றும் போதும். மூன்றாம் வேலை வழிகாட்டல். ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை ஆறாம் படிவம் செல்வதா, மெட்ரிகுலேசன் செல்வதா, தொழிற்கல்வி பயில்வதா, கடனுதவிக்கு எப்போது எங்கே விண்ணப்பிப்பது என்பன பல வீடுகளில் எவருக்கும் தெரியா. விண்ணப்ப நாள் முடிந்த மறுநாள் செய்தி அறிந்து கலங்கிய தாய்மார் தோட்டந்தோறும் உளர். ஒரு படிவத்தை உரிய நாளில் நிரப்பித் தரும் உறுப்பினன், நூறு மேடைகளில் தமிழின் பெருமை பேசுவோனினும் தமிழுக்குத் தொண்டு செய்தவன்.

பதினைந்து பெற்றோர்

தமிழாசிரியர் தனியே கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் உள்ளது. சட்டம் கதவைப் பூட்டவில்லை, தட்டுவோர்க்காகக் காத்திருக்கிறது. ஆனால் வெவ்வேறு தோட்டங்களில், வெவ்வேறு சரிவுகளில், ஒருவரையொருவர் அறியாமல் வாழும் பதினைந்து பெற்றோர் தாமாகவே ஒன்றுகூடி விண்ணப்பம் எழுதுவார்களா? பதினான்கு பேர் எழுதி ஒருவர் எழுதாமற் போயினும் வேண்டுகோள் வலுவிழக்கும். ஆறாண்டு தமிழில் கற்ற பிள்ளை அடுத்த ஆண்டே தமிழ்ப்பாடம் இல்லாத வகுப்பில் அமரும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆறாண்டு பட்ட பாடு அத்தோடு முடியும்.

தமிழைக் காப்போம் என்று முழங்கும் கழகங்கள் பல. தமிழ் எங்கே இழக்கப்படுகிறது என்று பார்த்தவை சில. தமிழ் நூலகத்தில் இழக்கப்படுவதில்லை, கவியரங்கில் இழக்கப்படுவதில்லை. பதினைந்தாவது பெற்றோரைத் தேடி எவரும் செல்லாத அந்த ஒரு மாலைப்பொழுதில் இழக்கப்படுகிறது. கிளை என ஒன்று அம்மலையில் இருந்தால், அதன் உறுப்பினர் இருவர் தோட்டம் தோட்டமாக நடந்து பதினைந்து வீடுகளையும் இணைத்துவிட முடியும். அதற்குப் பெருநிதி தேவையில்லை. கால்கள் தேவை, வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்கும் உறவு தேவை.

ஆண்டு முடிவில் கிளை தன் கணக்கை ஊர் முன்னே வைக்க வேண்டும். நிதிக்கணக்கு மட்டும் போதாது. ஏட்டில் ஏறிய பெயர்கள் எத்தனை, பள்ளியில் நிலைத்தவை எத்தனை, தமிழ் வகுப்பு நடந்ததா, நடக்கவில்லையாயின் ஏன் என்பன படிக்கப்பட வேண்டும். நடந்த விழாக்களின் பட்டியல் அதில் இடம்பெற வேண்டியதில்லை. இக்கணக்கைத் தர இயலாத செயலவை பதவி விலகி மற்றவர்க்கு இடம் தருவதே முறை.

ஆசிரியர் செய்யத் தக்கதும் உண்டு. தம் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றவர் எவரெவர் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. அந்த எழுவரையும் முதன்முதலில் ஒரு மேசையைச் சுற்றி அமர்த்துவது அவர் கையில் உள்ளது. அமர்த்திய பின் அவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தலைவர் நாற்காலி மாணவர்க்கு உரியது. மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது தம் அறிவால் மட்டும் என்று எண்ணுவோர், தம்மோடு ஆறாம் ஆண்டில் ஒரே பலகையில் அமர்ந்தவன் இன்று எங்கே இருக்கிறான் என்று கேட்டுப் பார்க்கட்டும். அவன் அறிவிற் குறைந்தவனா, அல்லது அவன் வீட்டுக் கதவைத் தட்டுவோர் இல்லாமற் போயினரா என்று தம் நெஞ்சைக் கேட்கட்டும்.

கேமரன் மலையில் கிளை தோன்றட்டும். ஏழு பேர் கூடட்டும். பதினைந்து பெற்றோரைத் தேடி நடக்கட்டும். ஏட்டில் ஒரு பெயரும் வெறுமையில் முடியாதிருக்கட்டும். அதனைச் செய்த பின்னர் மாலை வருமாயின் வரட்டும். வராவிடினும் குறைவில்லை.